எதிர்காலக் கதைக்கூடல்: மனசை விட்டுப் போகாத ஒரு தருணம்

மக்கள் கூடி உட்கார்ந்து எதிர்காலத்தைக் கதையாச் சொல்லிப் பார்க்கிற கூடல்களில், உங்க மனசை விட்டுப் போகாத ஒரு தருணத்தைச் சொல்லுங்கன்னு கேட்டதுக்குப் புனைபெயரில் வந்த பதில்கள்:

வரப்பு

100 நாள் வேலை வருகைப்பதிவு ஆப் பற்றின கூடல். ஆப் கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்: காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ, ஏறலைன்னா அன்னைக்குக் கூலி அந்தரத்தில். 'எதிர்காலப் பட்டறை'ங்கிற முறையை உருவாக்கின ராபர்ட் யுங்க் வகுத்த மூணு சுற்று அப்படியே: முதலில் குறை, பிறகு கனவு, கடைசியில் வழி. குறைச் சுற்று சுலபமா ஓடிருச்சு.

கனவுச் சுற்றில் ஒரு பாட்டி சொன்னது: "2045. நாங்க வேப்பமரத்தடியில உக்காந்திருக்கோம். ஆபீசரு காலையில ஒரு போட்டா, மத்தியானம் ஒரு போட்டா எடுத்து எங்களுக்கு அனுப்பணும். கண்ணு மூடியிருந்தா அன்னிக்குச் சம்பளம் கிடையாது." கூடமே குலுங்கிச் சிரிச்சுது. குறிப்பெடுத்தவர் அட்டையில் எழுதினது 'கண்காணிப்பில் சமத்துவம்'. வழிச் சுற்றுக்குப் போனது அந்த அட்டை மட்டும். அதிலிருந்து வந்த யோசனை, புகார்ப் பெட்டி! பாட்டி அதுக்கப்புறம் வாயே திறக்கலை.

கட்டியம்

வரப்பு, அட்டை மேல பழி போடாதீங்க. வேலை கொடுக்கிறவங்க தரப்பு ஆள் ஒருத்தர் பின்வரிசையில் இருந்தாலே கனவுச் சுற்று நகைச்சுவையா மாறிடும். சிரிப்புக்குள்ள ஒளிச்சுத்தான் பேச முடியும். உங்க கூடலில் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தாங்கன்னு சொல்லவே இல்லையே?

இதே விஷயத்தை பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் பாணி மன்ற நாடகமாப் போட்ட இடத்தில் நடந்தது வேற. பத்து நிமிஷக் காட்சி, தோல்வியில் முடியணும். மறுபடி ஓட்டும்போது பார்வையாளர் "நிறுத்து"ன்னு சொல்லி, ஒடுக்கப்படுகிற பாத்திரத்துக்குப் பதிலா மேடையேறலாம். அதிகாரியை நல்லவரா மாத்தக் கூடாது. மாத்தினா, இது நடக்காத காரியம்னு கூட்டம் "மாயம்! மாயம்!"னு கத்தும். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் நின்னு நடத்துற, போவால் ஜோக்கர்னு சொன்ன வேலையை அங்கே கூத்துக் கட்டியங்காரனே பார்த்தார்.

ஒரு பெரியவர் ஏறி, "டவர் இல்லாத எடத்துல நோட்டுல போட்ட கையெழுத்து செல்லணும்" என்றார். மாயம்னு கத்தினாங்க. கட்டியங்காரன் மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசிச்சார்: விதிவிலக்கான சூழலில் கையால் எழுதின வருகையை ஏற்க மாவட்டத் திட்ட ஒருங்கிணைப்பாளருக்கு, அதாவது கலெக்டருக்கு, அதிகாரம் உண்டு. கற்பனைன்னு நினைச்சது அப்பவே விதியில் இருந்தது. யாரும் சொல்லலை, அவ்வளவுதான். அந்த அமைதியைக் கலைக்கவே யாருக்கும் தோணலை.

இரண்டு சக்கரம்

டெலிவரி ஓட்டுற தம்பிகளுக்கான கூடல். ஒருத்தன் கதை நடுவில் இருந்தான்: 2035, ஆர்டர் யாருக்குப் போகணும்னு ஓட்டுறவங்க கூடி முடிவெடுக்கிற ஊர். அப்ப பையிலிருந்து ஆர்டர் மணி அடிச்சுது. பார்வை போனுக்குப் போச்சு, கதையும் போச்சு. "சாரி அண்ணே, இன்சென்டிவ்"னு எழுந்தான்.

சாயங்காலம் 3லிருந்து 5க்குள் வைங்க, மதியக் கூட்டமும் ராத்திரிக் கூட்டமும் இல்லாத நேரம். போற இன்சென்டிவுக்கு ஈடா காசும் கொடுங்க. டீயும் பிஸ்கட்டும் ஈடாகாது.

அட்டைப்பெட்டி

ஒரு கூடலில் "2050 எப்படி இருக்கும்?"னு கேட்டாங்க. எல்லாரும் பறக்கும் கார் வரைஞ்சாங்க. என் அனுபவம் அவ்வளவுதான். ஆனா நடத்தப் போறவங்களுக்குச் சில விஷயம்:

பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நாலு நாலு பேரா பாயில் உட்காரட்டும். நாற்காலி போட்டா முன்வரிசை பின்வரிசை வந்துடும். ஆண்டைக் கேட்காதீங்க, காலைப்பொழுதைக் கேளுங்க: "2040, செவ்வாய்க்கிழமை, ரேஷன் கடை. உங்க கைரேகை மிஷின்ல விழலை. அடுத்து என்ன நடக்கும், யார் முடிவு பண்றாங்க?" கதையில் ஒரு ஆள், ஒரு பொருள், ஒரு 'முடியாது' இருந்தே ஆகணும். மூணாவது இல்லாட்டி அது விளம்பரம்.

பொருளைக் கையால் செய்யச் சொல்லுங்க. 1981லிருந்து 85 வரை சுவீடன், டென்மார்க்கில் அச்சகத் தொழிலாளர் சங்கங்களோட நடந்த 'யுடோபியா' திட்டத்தில் கம்ப்யூட்டருக்குப் பதிலா மரப்பலகையும் அட்டையும் வெச்சுத்தான் பக்க வடிவமைப்பை நடிச்சுப் பார்த்தாங்க. அட்டையைத் திருத்த எஞ்சினியர் அனுமதி வேண்டாம், அதான் சூட்சுமம். ஒரு கத்தரிக்கோல், ரெண்டு காலிப் பெட்டி, பசை டேப் போதும். வண்ணப் பேனாவைக் கொட்டி வைக்காதீங்க, அலங்காரத்திலேயே அரை மணி போயிடும். வரப்பு சொன்ன பிரச்சினைக்கும் மருந்து உண்டு: சுருக்காதீங்க, சொன்னவங்க வாக்கியத்தை அப்படியே எழுதி, அவங்ககிட்டயே வாசிச்சுக் காட்டி ஒப்புதல் வாங்குங்க. ஒலிப்பதிவுன்னா ரெண்டு தரம் அனுமதி கேக்கணும், தொடங்கும்போதும் முடிஞ்ச பிறகும்.

கட்டியம்

அட்டைப்பெட்டி தோழர், இந்த யோசனையெல்லாம் யாரும் கேட்கலையே! பெட்டி நல்லாத்தான் இருக்கும், கூடல் முடிஞ்சதும் அது எங்கே போகும்? போவால் 1993லிருந்து 96 வரை ரியோ டி ஜெனிரோ நகரமன்ற உறுப்பினரா இருந்து, நாடகத்தில் எழுந்த யோசனைகளை வெச்சே 13 சட்டம் நிறைவேத்தினார். அவருக்கு மன்றத்தில் நாற்காலியும் வரைவு எழுத ஆளும் இருந்தது. நமக்கு?

வரப்பு

கட்டியம், கேட்டதுக்குப் பதில்: பின்வரிசையில் ஊராட்சிச் செயலர் இருந்தார். நீங்க சொன்னது சரிதான்.

நமக்கு நாற்காலி இல்லைன்னாலும் கிராம சபை இருக்கே. தமிழ்நாட்டில் அது கூடுற நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூடலை அதுக்கு மூணு வாரம் முன்னாடி வைங்க. கதையை அப்படியே கொண்டு போனா பொழுதுபோக்குன்னு ஒதுக்கிடுவாங்க. ஒரே ஒரு கோரிக்கை, அதுக்கு ஆதாரமான விதி, யார்கிட்ட கேட்கிறோமோ அந்த அலுவலரின் பதவி, மூணும் ஒரே தாளில் இருக்கணும். கூட்டத்தில் எழுந்து பேசுறது கதை சொன்னவரே, அந்தப் பாட்டி மாதிரி தன் வாய்மொழியிலேயே. தீர்மானப் புத்தகத்தில் எழுதினதை வாசிச்சுக் காட்டச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்க. அங்கேயும் 'கண்காணிப்பில் சமத்துவம்'னு எழுதி வெச்சிருப்பாங்க.