இலவசமாகக் கொடுத்த பிரவுசருக்கு எதற்கு அபராதம்?

முகில்: விண்டோஸோடு இன்டர்நெட் எக்ஸ்புளோரரைச் சேர்த்துக் கொடுத்ததற்காக மைக்ரோசாஃப்டுக்கு ஐரோப்பிய ஆணையம் 56.1 கோடி யூரோ அபராதம் போட்டது என்கிறார்கள். காசா வாங்கினார்கள்? வேண்டாதவர் வேறு பிரவுசரை இறக்கிக்கொள்ளலாமே?

தறி: அந்த அபராதம் சேர்த்துக் கொடுத்ததற்கு அல்ல, கொடுத்த வாக்கை மீறியதற்கு. 2007 டிசம்பரில் ஓபரா என்ற போட்டி பிரவுசர் நிறுவனம் ஆணையத்திடம் புகார் செய்தது. வழக்கு 2009 டிசம்பர் 16 அன்று ஓர் உறுதிமொழியோடு முடிந்தது: எக்ஸ்புளோரர் டீஃபால்ட்டாக உள்ள கணினிகளில் 5 ஆண்டுக்கு பிரவுசர் தேர்வுத் திரை காட்ட வேண்டும். விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 என்ற அப்டேட் தொகுப்பு வந்தபோது அந்தத் திரை விடுபட்டுப்போனது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை சுமார் 1.5 கோடிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை. தொழில்நுட்பப் பிழை என்றது நிறுவனம். பிழையாகவே இருக்கட்டும், ஓராண்டுக்கு மேல் உள்ளே யாரும் கவனிக்கவில்லையா? அபராதம் 2013 மார்ச் 6 அன்று வந்தது.

குறிமுறை: அந்தத் திரையிலேயே இன்னொரு கூத்தும் நடந்தது. முதலில் தெரியும் 5 பிரவுசர்களின் வரிசை ஒவ்வொரு முறையும் குலுக்கலில் வர வேண்டும். 2010 மார்ச்சில் வந்த முதல் வடிவம், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியின் சார்ட்டுக்கு, அதாவது வரிசைப்படுத்தும் கட்டளைக்கு, "எது பெரியது" என்ற கேள்விக்கு ராண்டம் விடை கொடுத்துக் குலுக்கியது. சார்ட் அல்காரிதம் முரண்படாத விடையை நம்பி ஓடுவது. கேட்கும்போதெல்லாம் விடை மாறினால் வரிசை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். எக்ஸ்புளோரரில் திறந்தால் பாதி முறை எக்ஸ்புளோரரே கடைசி இடத்துக்குப் போனது! அதனால் சதி என்று சொல்ல முடியாது, கவனக்குறைவுதான். ஃபிஷர்-யேட்ஸ் முறை போதும்: கடைசி இடத்திலிருந்து தொடங்கி, அந்த இடம் உட்பட மிச்சமுள்ளவற்றில் ஒன்றை ராண்டமாக எடுத்து இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். நாலு வரி கோடு.

தறி: "இறக்கிக்கொள்ளலாமே" என்பதற்கும் பதில் உண்டு. 1998இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், கணினி தயாரிப்பாளர்கள் எக்ஸ்புளோரர் ஐகானை நீக்க ஒப்பந்தத்திலேயே தடை இருந்தது வெளிவந்தது. மென்பொருள்களை நீக்க உதவும் ஆட்/ரிமூவ் பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். 2001 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தைப் பிளக்கச் சொன்ன கீழ் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. ஆனால் இவை இரண்டும் சட்டவிரோதம் என்பது நின்றது. அதற்குள் போட்டி பிரவுசரான நெட்ஸ்கேப் ஏற்கெனவே வீழ்ந்தாயிற்று.

முகில்: சரி, இப்போது விண்டோஸ் 11இல் எக்ஸ்புளோரருக்குப் பதிலாக வரும் எட்ஜ் பிரவுசரை நீக்க முடியுமா?

குறிமுறை: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் முடியும், பெரிய டெக் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்தால். அதன் கடமைகள் மைக்ரோசாஃப்டுக்கு 2024 மார்ச்சில் பொருந்தத் தொடங்கின. செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ், அங்கே அன்இன்ஸ்டால். விண்டோஸ் பார்ப்பது முதல் செட்டப்பில் தேர்ந்த நாட்டை. பிறகு செட்டிங்ஸில் ரீஜனை ஜெர்மனி என்று மாற்றிப் பயனில்லை. கணினியை ரீசெட் செய்தாக வேண்டும்.