‘தனித்துவமான பார்வையாளர்’ வேண்டாம்; ‘முகம்’ போதும்

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வலைப்பக்கத்துக்கு எத்தனை முறை வந்தாலும் ஒருவராகவே எண்ணப்படுபவரைக் குறிக்கும் ‘யுனீக் விசிட்டர்’ என்பதற்கு நம் கலைச்சொல் குழுவில் இதுவரை தனிவருநர், தனியாளர், ஒற்றை வருகையாளர் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான்காவது ஒன்றை முன்வைக்கிறேன். அதற்கு முன் என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அப்பா பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த நாள்களைப் பற்றி இலவச வலைப்பதிவு ஒன்றில் எழுதிவருகிறார். யாராவது படிக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தமிழ் இடைமுகம் உள்ள ஒரு வருகை எண்ணியைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொடுத்தேன். மறுவாரம் அதில் ‘வெற்றிகள் 412, தனித்துவமான பார்வையாளர்கள் 9’ என்று இருந்தது. ‘ஹிட்’ வெற்றியாகியிருந்தது. நானூறு பேர் படித்துவிட்டார்கள் என்று நம்பி அப்பா பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், “அந்த ஒன்பது பேரிடம் அப்படி என்ன தனித்துவம்? என்னோடு வேலை பார்த்தவர்களாக இருக்குமோ?” என்று கேட்டார். விளக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த 412இல் பெரும்பகுதி, எண் ஏறியிருக்கிறதா என்று அவரே பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தது.

அதனால்தான் கோபத்தோடு எழுதுகிறேன். தனித்துவம் என்றால் மற்றவரிடம் இல்லாத சிறப்பு. எண்ணி சொல்ல வந்தது அதுவல்ல. ஒருவரே பத்து முறை வந்தாலும் ஒன்றாகவே கணக்கு வைத்தேன் என்பதுதான்.

‘ஹிட்’டுக்குத் தனிச்சொல் தேவையா என்பதையும் யோசிக்க வேண்டும். பக்கங்களை அனுப்பித்தரும் கணினியான வழங்கியைச் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு அதன் குறிப்பேடு கிடைக்கும். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி விழும். பன்னிரண்டு படம் வைத்த பதிவை ஒருவர் ஒருமுறை திறந்தால், பக்கத்துக்கு ஒன்று, படங்களுக்குப் பன்னிரண்டு என்று குறைந்தது 13 ஹிட். இலவசப் பதிவில் வழங்கி நம்முடையது அல்ல, குறிப்பேடும் கைக்கு வராது. பக்கத்தில் ஒட்டிய நிரல்துண்டோ, கண்ணுக்குத் தெரியாத சிறு படமோதான் நமக்குச் செய்தி சொல்கிறது. வேர்ட்பிரஸ்.காமின் இலவசப் பதிவுகளில் நிரல்துண்டும் ஒட்ட முடியாது, படம் மட்டுமே. ஆகவே இங்கே ஹிட் என்று காட்டுவது பெரும்பாலும் பக்கம் ஏறிய தடவை. அதற்குப் ‘பார்வை’ என்று ஏற்கெனவே நல்ல சொல் வழங்குகிறது.

இனி என் முன்மொழிவு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது எங்கள் தெருவுக்குக் குடிநீர் வாரிய லாரி வரும். தெருமுனை வீட்டு அம்மா ஒரு நோட்டில் மூன்று கணக்கு எழுதுவார்: எத்தனை வீடு வந்தது, வீட்டார் எத்தனை நடை வந்தார்கள், எத்தனை குடம் எடுத்தார்கள். ஒரு வீடு, மூன்று நடை, ஒன்பது குடம். இந்த எண்ணிகள் வைத்திருப்பதும் அதே மூன்று கணக்குத்தான். குடம் என்பது பார்வை. ‘செஷன்’ என்பது நடை. அதை அமர்வு என்கிறோம், வந்தவர் உட்காரவே இல்லையே! கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற எண்ணி இயல்பாக 30 நிமிடம் அசைவில்லாமல் இருந்தால் ஒரு நடை முடிந்ததாக வைத்துக்கொள்கிறது. அப்புறம் வந்தால் அடுத்த நடை.

வீட்டின் இடத்துக்கு நான் சொல்லும் சொல் ‘முகம்’. எண்ணிக்கு ஆளைத் தெரியாது. உலாவியில் ‘குக்கி’ என்ற சிறு அடையாளக் குறிப்பை, அதாவது ஒரு நினைவியை வைத்து, அடுத்த முறை அதைக் கண்டால் ‘பார்த்த முகம்’ என்கிறது. நினைவியை அழித்துவிட்டால் அதே ஆள் புதுமுகம். ஒருவரே வீட்டுக் கணினியிலும் பஸ்ஸில் போகும்போது கைபேசியிலும் படித்தால் இரண்டு முகம். குடும்பமே ஒரு கணினியில் படித்தால் ஒரே முகம். ஆளர், வருநர் என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே மனிதரை எண்ணியதாகப் பொய் சொல்லும். முகம் சொல்லாது. முதல்முறை வந்தவருக்குப் புதுமுகம், மீண்டும் வந்தவருக்குத் தெரிந்தமுகம் என்று அடுத்த இரண்டு சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன.

‘பவுன்ஸ்’ என்பதைத் துள்ளல் என்று எழுதுவதை நிறுத்தினாலே போதும். பழைய எண்ணிகளின் கணக்குப்படி அது ஒருபக்க நடை, அதாவது வந்தவர் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவது.

பெரம்பூரிலிருந்து.

*

மறுமொழி, மயிலாப்பூரிலிருந்து

தம்பிக்கு வணக்கம். உங்கள் அப்பாவின் கேள்வியைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. தனித்துவமான பார்வையாளர் என்ற தொடரை நானே இரண்டு கையேடுகளில் எழுதியிருக்கிறேன். இனி எழுத மாட்டேன்.

ஆனாலும் இரண்டு தடைகள். எழுத்தாளரின் பக்கத்தில் ‘நடை’ என்று எழுதினால் அவருடைய உரைநடையைத்தான் வாசகர் நினைப்பார். ‘இந்த வார நடை 31’ என்று பார்த்தால் யாரோ மதிப்பெண் போட்டதுபோல் இருக்கும். கோயில் நடையும் குறுக்கே வரும். லாரிக்கும் மாட்டுவண்டிக்கும் பொருந்திய சொல் எழுத்துக்கு அருகில் வந்ததும் தடுமாறுகிறது. வருகை என்றே இருக்கட்டுமே. பள்ளி வருகைப் பதிவேட்டில் பழகிய சொல். நேற்று வந்த பிள்ளை இன்று வந்தாலும் அதில் இன்னொரு குறி விழுகிறது அல்லவா?

இரண்டாவது, முகப்பு, முகவரி, இடைமுகம், முகநூல் என்று கணித்தமிழில் முகம் ஏற்கெனவே நெரிசல். தனிவருநர் என்பது உலர்ந்த சொல்தான்; ஆனால் வேறொன்றோடு குழம்பாது. கலைச்சொல்லுக்கு அழகைவிட அதுவே முக்கியம் என்பது என் கருத்து.

வாசகர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று காட்டும் ‘ரெஃபரர்’ பற்றி நீங்கள் எழுதவில்லை. பரிசு பெற்ற பாணன் எதிரே வரும் பாணனிடம் வள்ளல் இருக்கும் ஊருக்கு வழி சொல்வதை ஆற்றுப்படுத்தல் என்றார்கள். ஒரு பக்கம் வாசகரை இன்னொரு பக்கத்துக்கு அனுப்புவதும் அதுதான். மனத்துக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் ஈழத்தில் உளவள ஆலோசனையை ஆற்றுப்படுத்தல் என்றே வழங்குகிறார்கள். புழக்கத்தில் உள்ள சொல்லை நாம் பிடுங்கக் கூடாது.

*

ஐயா,

நடையை விட்டுவிடுகிறேன். நீங்கள் சொன்ன ‘நடை 31’ கண்ணில் பட்டதுமே அது சரிப்படாது என்று தெரிந்துவிட்டது. வருகை என்றே வைப்போம். ஒருபக்க நடை, ஒருபக்க வருகை ஆகட்டும். இப்போதைய கூகுள் அனலிட்டிக்ஸில் ஒரே பக்கத்தைப் படித்தாலும் 10 விநாடிக்கு மேல் தங்கினால் அது பவுன்ஸ் ஆகாது. அங்கே ‘ஒட்டா வருகை’ என்று எழுதலாம்.

முகத்தை மட்டும் விட மனமில்லை. காரணம், கூட்டல். திங்கள் முதல் ஞாயிறு வரை நாளுக்கு ஒன்பது தனிவருநர் என்று அட்டவணையில் இருந்தால், வாரத்துக்கு 63 என்று கை தானாகக் கூட்டிவிடும். அது தவறு, திங்களன்று வந்தவர் செவ்வாயன்றும் வந்திருப்பார். முகம் என்று எழுதினால் கூட்டும் கை நிற்கிறது. நேற்றுப் பார்த்த முகத்தை இன்று பார்த்தால் இரண்டு முகமாகிவிடுமா? இடைமுகத்தோடு குழம்பும் என்ற அச்சமும் எனக்கு இல்லை. எண்ணுக்கு அருகில் நிற்கும் முகம் வேறு, தொகைச்சொல்லில் ஒட்டிய முகம் வேறு.

நேற்று இரவு எண்ணியின் தலைப்புகளை நானே மாற்றி, ‘முகம் 9, வருகை 31, பார்வை 412’ என்று அப்பாவிடம் காட்டினேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சற்று நேரம் பார்த்தார்.

“என் கைபேசி ஒன்று, கணினி ஒன்று. உன் கைபேசி, உன் அலுவலகக் கணினி. நாலு முகம் வீட்டோடு போயிற்று. மீதி ஐந்துதான் வெளியாள், இல்லையா?”

ஆமாம் என்றேன். அந்த ஐந்து பேருக்காக இன்று காலை முதல் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

ரெஃபரருக்கு ‘வந்த வழி’ என்று எளிமையாகவே வைக்கலாமா? ஈழத்து உறுப்பினர்கள் சொன்ன பிறகு முடிவு செய்வோம்.