வெட்டின விறகை மேட்டுல ஏத்த முடியல, அவசரம், யாராச்சும் வழி சொல்லுங்க

புகைபோக்கி:
எல்லாருக்கும் வணக்கம். கீழ பள்ளத்துல மரம் வெட்டிப் போட்டு கிடக்கு, வீடு மேட்டு மேல. பனி விழ ஆரம்பிச்சாச்சு, கையில தூக்கிட்டு ஏறினா கால் வழுக்குது, கயிறு கட்டி இழுத்தா கட்டை மண்ணுல குத்திக்கிட்டு நின்னுடுது. அடுத்த பெரிய பனிக்குள்ள மேல வந்தாகணும். சீக்கிரம் சொல்லுங்க.

ஈரவிறகு:
எவ்வளவு பெரிய கட்டை? சரிவு எத்தனை மீட்டர்? தரை உறைஞ்சிருக்கா இல்ல சேறா? இது தெரியாம என்ன சொல்றது?

வின்ச்_பிரியன்:
எதுவா இருந்தாலும் வின்ச் தாங்க, அதாவது கயிறை இழுக்குற கருவி. கயிறை உருளையில சும்மா நாலு சுத்து சுத்தி இழுக்குற பெட்ரோல் வின்ச் இருக்கு பாருங்க, அது கயிறை உள்ள சேர்த்து வைக்காது, அதனால எவ்வளவு நீளக் கயிறும் போடலாம். நெம்பி நெம்பி இழுக்குற கை வின்ச் மட்டும் வேணாம், கேபிள் கொஞ்ச தூரம் தான் வரும், அவிழ்த்து அவிழ்த்துக் கட்டியே பொழுது போயிடும்.

கோடாலி:
கட்டையோட முன் விளிம்ப மெஷின் வாளால சீவி விடுங்க, மூக்கு குத்தாது. நீளக் கட்டைக்கு நான் எப்பவும் இதான்.

மேடேறி:
தம்பி, இங்க கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி பழைய இழைகளப் படிக்கிற பழக்கம் யாருக்குமே இல்ல. அளவு சொல்லாம வழி கேட்டா ஜோசியம் தான் பாக்கணும்.

புகைபோக்கி:
சாரி அவசரத்துல போட்டேன். அடுப்பு அளவுக்கு துண்டு போட்டாச்சு, குறுக்க 40 செ.மீ, நீளமும் அதே. சரிவு சுமார் 40 மீட்டர், நல்ல செங்குத்து. காலைல தரை உறைஞ்சிருக்கு, மதியம் சேறாகுது. வண்டி இல்ல. 50 மீட்டர் கயிறு இருக்கு.

ஈரவிறகு:
பச்சை மரமா இருந்தா அந்த அளவு துண்டு 50 கிலோ பக்கம் வரும். 30 டிகிரி சரிவுன்னு வெச்சா, உராய்வே இல்லாட்டியும் பாதி எடை, அதாவது 25 கிலோ, இழுத்தாகணும். மண்ணுல இழுத்தா உராய்வு கிட்டத்தட்ட இன்னொரு அவ்வளவு. இறுகின பனியில சறுக்குப் பலகை மேல வெச்சா அந்த உராய்வு மட்டும் 4, 5 கிலோவா குறைஞ்சிடும். அதனால காலைல, உறைஞ்சிருக்கும்போதே இழுங்க. மதியத்துல கைய வெக்காதீங்க.

கோடாலி:
அப்ப கீழயே பொளந்துடுங்க! உறைஞ்ச பச்சை மரம் பெரும்பாலும் லேசா பொளந்துக்கும். முழுத் துண்ட எதுக்கு ஏத்தணும்.

வின்ச்_பிரியன்:
வின்ச் இல்லாட்டி மேல ஒரு மரத்துல கப்பி மாட்டி கயிறை அதுல போட்டு கீழ்ப்பக்கமா நடந்து இழுங்க, பாரம் பாதியா குறையும்.

மேடேறி:
குறையாது. மரத்துல நிலையா மாட்டின கப்பி திசைய மட்டும் தான் திருப்பும். பள்ளிக்கூடப் பாடம் இது. கப்பி பாரத்து மேல இருக்கணும், கயிறோட ஒரு முனைய மேல மரத்துல கட்டி, கப்பி வழியா திருப்பி மேலருந்து இழுத்தா தான் பாதி.

வின்ச்_பிரியன்:
நான் வருஷக்கணக்கா அப்படி தான் இழுக்குறேன், லேசா தான் இருக்கு.

மேடேறி:
கீழ்நோக்கி நடக்கும்போது உங்க உடம்பு எடையே இழுக்குது, அதான் லேசா தெரியுது. கப்பிக்கு அதுல பங்கில்ல. அந்த மரத்துக்கு விழுற இழுவை தான் இரண்டு மடங்காகுது.

வின்ச்_பிரியன்:
லேசா இருந்தா போதாதா, காரணம் எதுவா இருந்தா என்ன?

உறைபனி:
ரெண்டு பேரும் ஒண்ண விட்டுட்டீங்க. 40 மீட்டர் சரிவுக்கு பாரத்துல கப்பி போட்டா கயிறு 80 மீட்டருக்கு மேல வேணும், அவர்கிட்ட 50 தான். நடுவுல ஒரு மரம் இருந்தா ரெண்டு கட்டமா ஏத்தலாம், நடுவுல நிறுத்தும்போது முட்டுக் கொடுங்க. மரத்துல கயிறை நேரா கட்டாதீங்க, மரப்பட்டைய வெட்டிடும், அகலமான பட்டா போட்டு அடிமரத்துல கட்டுங்க. முக்கியமா, பாரத்துக்குக் கீழ ஒருத்தரும் நிக்கக்கூடாது. கயிறு கப்பியில திரும்புற இடத்துல உள்பக்கமும் நிக்காதீங்க, பட்டா அறுந்தா கப்பி அந்தப் பக்கம் தான் பறந்து வரும். நைலான் கயிறுன்னா இன்னும் ஜாக்கிரதை, இழுபட்டு நீண்டு அறுந்தா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும்.

மேடேறி:
இத நான் அடுத்து சொல்ல இருந்தேன்.

கோடாலி:
பொளக்குறத பத்தி யாருமே பேசல. கடுங்குளிர்ல கோடாலி விளிம்பு பேந்துக்கும், முதல்ல கொஞ்சம் சூடாக்கிட்டு அடிங்க.

ஈரவிறகு:
இந்த வருஷம் எரிக்கிற பிளான் இருந்தா அது வேற பிரச்சினை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ வரணும், பச்சையா எரிச்சா புகைக்கூண்டுல கரிப்பிசின் படியும். ஏத்தினதும் மேல மட்டும் மூடி, பக்கம் திறந்து அடுக்குங்க.

புகைபோக்கி:
கீழயே பொளந்து, காலைல சறுக்குப் பலகையில நடு மரம் வரை, அப்புறம் மேல. பாதிக்கு மேல வந்தாச்சு. நன்றி எல்லாருக்கும்.

உறைபனி:
நல்லது. கயிறு நைலானா பாலியெஸ்டரா? பலகை பின்னால நழுவாம என்ன போட்டீங்க?

வின்ச்_பிரியன்:
கப்பி எங்க மாட்டினீங்க, அதையும் சொல்லுங்க.