கார் ஆம்ப்ளிஃபயர் பயாஸ் ஏறிக்கொண்டே போகிறது, உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. நான்கு சேனல் கிளாஸ் ஏபி கார் ஆம்ப் ஒன்று. பின் வலது சேனலில் அவுட்புட் ஷார்ட் ஆகியிருந்தது. டிஐபி 35சி, 36சி அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியையும் எரிந்த எமிட்டர் ரெசிஸ்டர்களையும் மாற்றிவிட்டேன். இப்போது பாட்டு வருகிறது, அவுட்புட்டில் டிசி இல்லை. பயாஸ்தான் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட்) பிரச்சினை.

இன்புட்டும் ஸ்பீக்கரும் இல்லாமல், கரண்ட் எகிறாமல் இருக்க 12 வோல்ட் லைனில் ஹெட்லைட் பல்பை சீரியலாகப் போட்டுப் பார்க்கிறேன். மற்ற மூன்று சேனல்களிலும் 0.1 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே 2 மில்லிவோல்ட், அதாவது 20 மில்லிஆம்ப். சூடானாலும் பெரிதாக நகர்வதில்லை. இந்தச் சேனலில் ப்ரீசெட்டை (பயாஸ் அளவை மாற்றும் சிறு வேரியபிள் ரெசிஸ்டர்) திருப்பி அதே 2 வைத்தால், ஹீட் சிங்க் வெதுவெதுப்பானதும் 5, 6 என ஏறி, நிற்காமல் போகிறது. பயந்து ஆஃப் செய்துவிடுகிறேன். குறைத்து வைத்தாலோ, மெல்லிய சத்தத்தில் குரல் கரகரக்கிறது.

சூட்டுக்கேற்ப பயாஸைக் குறைக்க வேண்டிய பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்கோடு ஒட்டித்தான் இருக்கிறது, பேஸ்ட்டும் புதிது. அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் இறங்கி, பயாஸையும் குறைக்க வேண்டுமே, ஏன் குறைக்கவில்லை? டிரான்சிஸ்டரே பலவீனமா, பழைய ப்ரீசெட்டின் தடமா? (அதைத் தொட்டாலே மீட்டர் துள்ளுகிறது, எனக்குச் சந்தேகம் அதன் மேல்தான்.)

இன்னொன்று: பயாஸை எப்போது வைப்பீர்கள், குளிர்ந்திருக்கும்போதா, கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடான பிறகா? சர்க்யூட் படம் கிடைக்கவில்லை. கார் ஆம்ப் வேலை பார்க்கும் அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள்.