ராபின் கத்ரியின் கிடார்: அந்த ஒலி எப்படி உருவாகிறது, 1997க்குப் பிறகு எதைக் கேட்பது?

கேள்வி: தந்திநேசன்
காக்டோ ட்வின்ஸ் என்ற ஸ்காட்லாந்து இசைக்குழுவின் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' இசைத்தொகுப்பை ஒரு மாதமாகத் தொடர்ந்து கேட்டுவருகிறேன். ஓரளவு கிடார் வாசிப்பவன் என்றாலும், அக்குழுவின் கிடார் கலைஞர் ராபின் கத்ரி எங்கே ஒரு சுரத்தைத் தொடங்குகிறார், எங்கே முடிக்கிறார் என்பதையே என்னால் பிரித்தறிய முடியவில்லை. அவருடைய வாசிப்பு முறையையும், குழு கலைந்த பின் அவர் செய்தவற்றையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: எதிரொலி
விரல் வேகத்தில் விடையைத் தேடினால் கிடைக்காது. ஸ்காட்லாந்தின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நகரமான கிரேஞ்ச்மவுத்தில் 1962இல் பிறந்த கத்ரி, 1979இல் வில் ஹெகியுடன் குழுவைத் தொடங்கினார். பாடகி எலிசபெத் ஃப்ரேசர் பின்னர் இணைந்தார். டிரம்ஸ் கலைஞருக்குப் பதிலாக டிரம் மெஷினையே வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றைச் செய்து பாருங்கள். இரண்டே தந்திகளை மாறி மாறி மெதுவாக மீட்டுங்கள். டிலே பெடலின் (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கச் செய்யும் கருவி) எதிரொலி, நீங்கள் மீட்டும் இரு சுரங்களுக்கு நடுவில் விழும்படி அமையுங்கள். கேட்பவருக்கு இரு மடங்கு சுரங்கள் கேட்கும். அதன்மேல் கோரஸ் என்னும் ஒலி விளைவு சேர்ந்தால் சுருதி இலேசாக அலையும். ரிவெர்ப் (பெரிய கூடத்தில் கேட்பது போன்ற முழக்கம்) மிகுந்தால், மீட்டும் தகடான பிக் தந்தியில் படும் அந்தச் சிறு 'டிக்' ஓசை மறைந்துவிடும். இப்படிப்பட்ட அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவாகும்போது தொடக்கமும் முடிவும் கரைந்துபோவதில் வியப்பில்லை. பதிவுக்கூடத்தையும் சேர்த்தே அவருடைய வாத்தியம் என்பேன். பிற்காலச் சுற்றுப்பயணங்களில் கூடுதல் கிடார் கலைஞர்களை மேடையேற்ற வேண்டியிருந்ததும் இதனால்தான்.

மறுமொழி: மாலைச்சுருதி
வாழ்க்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கத்ரியும் ஃப்ரேசரும் இணையர். 1989இல் அவர்களுக்கு மகள் பிறந்தாள். நீங்கள் கேட்கும் தொகுப்பு 1990இல் வெளிவந்தபோது கத்ரி போதைப் பழக்கத்தின் பிடியில் இருந்தார். அவ்வளவு ஒளி நிறைந்த இசை அந்த நாள்களில் பிறந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. பின்னர் அவர் அதிலிருந்து மீண்டார். இருவரும் பிரிந்த பிறகும் குழு சில ஆண்டுகள் நீடித்து, 1996இல் 'மில்க் அண்ட் கிஸஸ்' வெளியிட்டு, மறு ஆண்டு கலைந்தது.

அதன்பின் கத்ரி ஓய்ந்துவிடவில்லை. குழுவின் பாஸ் கிடார் கலைஞர் சைமன் ரேமண்டுடன் பெல்லா யூனியன் என்ற இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார், வயலட் இண்டியானா என்ற இருவர் குழுவில் இயங்கினார், 2003இல் 'இம்பீரியல்' என்ற தனித் தொகுப்பை வெளியிட்டார், பிரான்சில் குடியேறினார். பியானோ கலைஞர் ஹெரால்டு பட்டுடன் 1986இல் தொடங்கிய கூட்டுறவோ 2020 டிசம்பரில் பட் மறையும்வரை நீடித்தது. 'மிஸ்டீரியஸ் ஸ்கின்' திரைப்படத்திற்கு இருவரும் சேர்ந்து அமைத்த இசையிலிருந்து தொடங்குங்கள். அங்கே குரல் இல்லாததால் கிடார் மூச்சுவிடுவதைக்கூடக் கேட்கலாம்.

மறுமொழி: எதிரொலி
நல்ல பரிந்துரை. அதற்கு முன் காக்டோ ட்வின்ஸின் 1986ஆம் ஆண்டுத் தொகுப்பான 'விக்டோரியாலேண்ட்' கேட்கச் சொல்வேன். ரேமண்ட் அப்போது வேறு பணியில் இருந்ததால் பாஸ் கிடார் இல்லை. தாளமும் ஏறக்குறைய இல்லை.

தந்திநேசன்
இருவருக்கும் நன்றி. நேற்றிரவு டிலேயை நீங்கள் சொன்னபடி அமைத்து, 'விக்டோரியாலேண்ட்' ஒலிக்க உடன் வாசித்தேன். முதல் பாடலிலேயே, நான் ஆறு சுரங்கள் என்று எண்ணியிருந்த இடத்தில் மூன்றை மீட்டினாலே போதுமாக இருந்தது.