சதுப்பு ஆர்க்கிட் வளர்ப்பவர்களே, உங்கள் ஊர்த் தண்ணீரை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஓசூரிலிருந்து:
நர்சரிகளில் நன்ஸ் ஆர்க்கிட் என்று விற்கிற ஃபேயஸ் டேங்கர்வில்லியே எங்கள் மாடித்தோட்டத்தில் சில வருடங்களாக இருக்கிறது. வடகிழக்கு இந்தியா தொடங்கி ஆஸ்திரேலியா வரை ஈரக்காடுகளிலும் சதுப்போரங்களிலும் தானாக வளரும் செடி. 1778-லேயே சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். பனங்கன்று போல மடிப்பு மடிப்பான இலை, இடுப்புயரத்துக்கு எழும் பூந்தண்டு. இதழ் வெளியே வெள்ளை, உள்ளே பழுப்பு, நடுவில் ஊதா. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மார்கழிக் குளிர் இதற்கு ஒத்துப்போகிறது. இரவுக் குளிர் கிடைத்தால்தான் தண்டு விடும்; மாசி, பங்குனியில் பூ.

சதுப்புச் செடி என்று கேட்டதும் பலர் தொட்டியைத் தண்ணீரில் முக்கி வைத்துவிடுகிறார்கள். தேங்கிய தண்ணீரில் வேருக்குக் காற்று கிடைக்காமல் கிழங்கு அடியிலிருந்து அழுகிவிடும். நான் கலப்பது இலைமக்கு, கொஞ்சம் செம்மண், ஆற்று மணல், அப்புறம் கரித்துண்டு. கோடையில் மட்டும் அடித்தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் நிற்கும். குளிர் வந்தால் தட்டையே எடுத்துவிடுவேன்.

இதெல்லாம் சுலபம். மல்லுக்கட்டு முழுக்கத் தண்ணீரோடுதான். போர் தண்ணீர் ஊற்றினால் இலை நுனி பழுப்பாகி, கருகல் மெல்ல உள்ளே ஏறும். நோய் என்று நினைத்து மருந்து அடிப்பவர்கள் உண்டு, அது உப்பு. மொட்டைமாடி மழைநீரை டிரம்மில் பிடித்து வைத்திருக்கிறேன். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 200-க்குக் கீழே காட்டினால்தான் இந்தச் செடிக்கு. மற்றவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பாலக்கோட்டிலிருந்து:
எங்கள் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருப்பது பெரியவர்களின் பல்லைப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணீரில் உங்கள் ஃபேயஸ் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் தொடங்கிய பிறகு காவிரித் தண்ணீர் கிடைக்கிறது. குளோரின் வாடை போக ஒரு இரவு திறந்து வைத்துவிட்டு ஊற்றுகிறேன். "குடிக்கிற தண்ணியைச் செடிக்கு ஊத்துறியா?" என்று அம்மா தினமும் கேட்கிறார். நியாயமான கேள்விதான், பதில் இல்லை.

இங்கே குளிரும் போதாது. அதனால் ஸ்பேத்தோகிளாட்டிஸ் பிளிகேட்டாவுக்கு மாறிவிட்டேன், நர்சரியில் கிரவுண்ட் ஆர்க்கிட் என்று கேளுங்கள். அதுவும் ஈரம் கேட்கும், ஆனால் வெயில் தாங்கும், வருடத்தில் பாதி நாள் ஊதாப் பூ இருக்கும். பூந்தண்டில் எறும்பு ஏறினால் பதற வேண்டாம், மொட்டுப் பக்கம் சுரக்கும் தேனுக்காக வருவது. மாவுப்பூச்சி சேர்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
தென்னை நார்க்கழிவு பயன்படுத்துபவர்கள் கவனிக்கவும். அதிலேயே உப்பு உண்டு. மழைநீரைத் தேடித் தேடி ஊற்றிவிட்டுக் கழுவாத நார்க்கழிவில் நட்டால் என்ன பயன்? பலமுறை அலசி, கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்து, மறுபடி அலசிய பிறகே தொட்டிக்குப் போகட்டும்.

தளியிலிருந்து:
பூ உதிர்ந்ததும் ஃபேயஸ் தண்டை வெட்டி எறிந்துவிடாதீர்கள். கணுக்கள் வரும்படி துண்டு போட்டு, ஈரப்பாசி மேல் படுக்க வைத்து, மேலே பாலித்தீன் மூடினால் கணுவிலிருந்து குட்டிச் செடி முளைக்கும். பூக்கச் சில வருடம் பிடிக்கும், சரி, காசு மிச்சம். விதையிலிருந்து வளர்க்க நம்மால் ஆகாது. தூசி மாதிரி விதை, அதில் சேமித்த உணவே கிடையாது, பூஞ்சை துணை இருந்தால்தான் முளைக்கும்.

இன்னொன்று. கசங்கிய இதழ் கருநீலமாக மாறும். போன பங்குனியில் ஒருவர் போட்டோ அனுப்பி அழுகல் நோயா என்று கேட்டார். நீலச்சாயம் எடுக்கிற அவுரிச் செடியில் இருக்கிற அதே இண்டிகன் என்ற பொருள் இதிலும் இருப்பதால் வரும் நிறம். கை படாமல் இருந்தால் போதும்.

உண்மையான எதிரி கோடையில் வந்து இலைச்சாற்றை உறிஞ்சும் செம்பேன். சுற்றிலும் ரோஜாத் தோட்டம் இருந்தால் சொல்லவே வேண்டாம். இலைக்கு அடியில் வெளிறிய புள்ளி தெரிந்ததுமே தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவிவிடுவேன், காலை வேளையில்.

பாலக்கோட்டிலிருந்து:
ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகப் போகிறதே, அதை ஊற்றலாமா?

ஓசூரிலிருந்து:
வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது, போர் தண்ணீரை விட மோசம். பாத்ரூம் கழுவுங்கள். ஏசியில் சொட்டும் தண்ணீர் பரவாயில்லை. தென்பெண்ணைத் தண்ணீரைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அந்த ஆற்றில் இருக்கும் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பார்த்த பிறகுமா? மழை வரும்வரை, வீட்டில் குடிக்கும் ஆர்ஓ தண்ணீரில் ஒரு சொம்பு கொடுங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.