கிணத்து வெங்கச்சங்கல்லுல ஈயம் மாதிரி மினுக்குது, என்னது இது?

ஜேசிபி_தம்பி:
அண்ணன்மாரே, அரூர் பக்கம் எங்க மாமா காட்டுல பழைய கிணத்தை ஆழப்படுத்துறாங்க. 48 அடியில வெடி வச்சதும் வெள்ளை வெங்கச்சங்கல்லு பாளம் பாளமா வந்துச்சு. அதோட ஓரத்துல ஈய நிறத்துல செதில் செதிலா ஏதோ ஒட்டியிருக்கு. நகத்தால சுரண்டினாலே வருது, விரல்ல பிடிச்சா வழவழன்னு கறை. சேலத்துல இருந்து ஒரு ஆளு வந்து "இரிடியம், அஞ்சாயிரம் அட்வான்ஸ் வச்சுக்கோங்க, யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு சொல்றாரு. மாமா பாதி நம்பிட்டாரு.

மொரப்பூரான்:
காக்காப்பொன்னா இருக்கும். இல்லேன்னா பென்சில்ல போடுற கிராஃபைட்.

கோர்பெட்டி:
காக்காப்பொன்னு இல்ல மொரப்பூராரே, அது கறை பிடிக்காது. கிராஃபைட்டான்னு கேட்டது சரியான கேள்வி.

தம்பி, எனக்கு அந்தப் பக்கத்துக் கல்லு பழக்கம். வயசுப் பிள்ளையா இருந்தப்போ ஜிஎஸ்ஐ, அதாவது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, துளை போட்ட இடத்துல கூலிக்கு நின்னேன். துளையில இருந்து உருளையா மேல வர்ற கல்லுத்தண்டைக் கழுவி, பெட்டியில வரிசை மாறாம அடுக்கி, எத்தனாவது மீட்டர்னு பெயிண்ட்ல எழுதணும். தண்டைத் தலைகீழா வச்சுட்டா ஜியாலஜிஸ்ட் சார் கிட்ட செம டோஸ் விழும்.

வீட்டுல வெள்ளைப் பீங்கான் கப் இருந்தா எடு. அதோட பளபளப்பான பக்கத்துல செதிலை அழுத்தித் தேய். கறுப்பாவே கோடு விழுந்தா கிராஃபைட். பச்சை கலந்த சாம்பல்னா மாலிப்டினைட், அதாவது மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது. கட்டியா கிடைச்சா கையில தூக்கிப் பாரு, கிராஃபைட்டை விட ரெண்டு மடங்கு கனக்கும். இந்தக் குழப்பம் ஒண்ணும் புதுசில்ல. மாலிப்டினம்கிற பேரே கிரேக்கத்துல ஈயத்தைக் குறிக்கிற சொல்லுல இருந்து வந்தது. 1778-ல ஷீலேங்கிற வேதியியலாளர்தான் இது கிராஃபைட் இல்லன்னு பிரிச்சுக் காட்டினாரு.

நம்ம பக்கம் பூமிக்குள்ள ஒரு பெரிய பிளவுப் பட்டை வடகிழக்கா ஓடுது. பாறை நசுங்கி விரிசல் விட்ட காலத்துல, கீழேயிருந்து ஏறின சூடான தண்ணி வெங்கச்சங்கல்லையும் இதையும் அந்த விரிசல்ல படிய விட்டுடுச்சு. அதான் உனக்கு கல்லோட ஓரத்துல, வெடிப்புல மட்டும் கிடைக்குது. இந்த நரம்பு ஒரே சீரா போகாது. ஓரிடத்துல ஆள் அகலம் இருக்கும், பத்தடி தள்ளி விரல் அகலம், அப்புறம் காணாமலே போயிடும். நரம்பு ஒரு பக்கம் சாஞ்சு கிடக்கிறதால துளையையும் அதைக் குறுக்க வெட்டுற மாதிரி சாய்வாத்தான் போடுவாங்க. நாள் முழுக்க தண்டு தண்டா வெறும் பாறை வரும். சாயங்காலம் ரெண்டு விரக்கடை சாம்பல் நிறம் தெரிஞ்சா போதும், கேம்ப்பே கூடிடும்.

ஜேசிபி_தம்பி:
அப்போ மாமா பணக்காரரா இல்லையாண்ணே? 😀

கோர்பெட்டி:
கணக்கு நீயே போடு. 2010 கணக்குப்படி நாட்டுல சுமார் 1.9 கோடி டன் மாலிப்டினம் தாது, அதுல நம்ம மாநிலத்துது 1 கோடி டன். அந்த 1.9 கோடி டன்னுலயும் சேர்த்து மாலிப்டினைட் 12,640 டன்தான். டன்னுக்கு 650 கிராம். டிராக்டர் டிப்பர்ல மூணு டன் ஏத்தினா ரெண்டு கிலோகூட தேறாது. கண்ணுல பட்ட ஒரு பாளம் சுரங்கம் ஆகிடாது.

அதுக்காக சும்மா கல்லுன்னும் நினைக்காதே. இதுல இருந்து எடுக்கிற மாலிப்டினம் உலோகம் 2,600 டிகிரி தாண்டினாத்தான் உருகும், எஃகுல கலந்தா சூட்டுக்கும் துருவுக்கும் தாங்கும். உன் ஜேசிபிக்கு அடிக்கிற கறுப்பு மாலி கிரீஸ்ல இருக்கிறதும் இதே மாலிப்டினைட்தான். 2023 நவம்பர்ல மத்திய அரசு ஏலம் விட்ட 20 கனிம பிளாக்குல 7 நம்ம மாநிலத்துது. அதுல வேளாம்பட்டி, மருதிப்பட்டின்னு அஞ்சு பிளாக் மாலிப்டினம். முதல் சுற்றுல பல பிளாக்குக்குப் போதுமான ஆள் வரல, ஏலத்தையே ரத்து பண்ணாங்க. பெரிய கம்பெனிக்காரனே யோசிக்கிற இடம் இது. இதுல அஞ்சாயிரம் அட்வான்ஸ் கொடுக்கிறவன் கல்லுக்கா வர்றான்? அடுத்து "டெஸ்டிங் செலவு"ன்னு மாமாகிட்டயே கறப்பான். லைசென்ஸ் இல்லாம தோண்டி விக்கவும் முடியாது.

பாலக்கோட்டு_மாட்டுக்காரன்:
குறுக்க வர்றேன், மன்னிக்கணும். அந்தக் கிணத்துத் தண்ணிதான் மாட்டுக்கும்னா ஒரு தடவை டெஸ்ட் பண்ணிடுங்க. தீவனத்துலயும் தண்ணியிலயும் மாலிப்டினம் கூடினா மாட்டு உடம்புல தாமிரம் குறையும். கழிச்சல் நிக்காம போகும், மயிர் வெளுக்கும், கண்ணைச் சுத்தி கண்ணாடி போட்ட மாதிரி இருக்கும். மாலிப்டினம் பாருங்கன்னு தனியா கேக்கணும், வழக்கமா பாக்குற பட்டியல்ல அது இருக்காது.

ஜேசிபி_தம்பி:
கப்புல தேய்ச்சோம். முதல்ல கறுப்பாத்தான் தெரிஞ்சுது, வெயில்ல பிடிச்சா பச்சை அடிக்குது! சேலத்து ஆளுகிட்ட மாமா "இரிடியம் இல்லையாம், மாலிப்டினமாம்"னு போன்ல சொன்னாரு. "அதுவும் வாங்கிக்குவேன்"னாராம். நம்பரை பிளாக் பண்ணிட்டோம். மாட்டுத் தண்ணியை நாளைக்கு பாட்டில்ல பிடிக்கிறேன்.